ஜமால் சாரின் இரண்டாம் கூண்டு

ஜமால் சார் இறந்துபோன செய்தி வந்தபோது நான் கல்லூரிக் கழிப்பறைக்குள் ஒளிந்துகொண்டிருந்தேன். அவரிடமிருந்துதான் ஒளிந்திருந்தேன் என்பதைச் சொல்லாமல் இந்த அஞ்சலியைத் தொடங்க எனக்கு யோக்கியதை இல்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதல் மணி அடிக்கும்போது, மலையில் பறித்த செடிகளை மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு அவர் விலங்கியல் துறையிலிருந்து எங்கள் தமிழ்த் துறைப் பக்கம் வருவார். சரியாக அந்த நேரத்துக்கு மூன்று மாதமாக எனக்கு வயிறு சரியில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அன்று கதவைத் தட்டியவர் விலங்கியல் துறை அட்டெண்டர் வேலாயுதம்.

"ஐயா, வெளிய வாங்க. ஜமால் சாரு இனிமே உங்களத் தேட மாட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை மாலை வெள்ளிமலையிலிருந்து இறங்கிய பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். தூங்குகிறார் என்றுதான் கண்டக்டர் நினைத்திருக்கிறார். அடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் எழுப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்திருக்கிறது. நெஞ்சுவலி என்றார்கள். மடியில் செடிப் பை இருந்ததாம்.

அவரை உங்களில் பலருக்குக் கண் வழியாகத்தான் தெரியும். வணக்கம் சொல்வதற்கு முன்பே எதிரில் நிற்பவரின் கீழிமையைக் கட்டைவிரலால் இழுத்து, வெள்ளை விழியில் மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்துவிடுவார். ஒருமுறை கல்லூரியை ஆய்வு செய்யப் பல்கலைக்கழக அதிகாரி ஒருவர் வந்தார். முதல்வர் மாலையோடு நிற்க, ஜமால் சார் முந்திக்கொண்டு அதிகாரியின் கண்ணை இழுத்துப் பார்த்து, "கொஞ்சம் மஞ்சளா கீதுங்க. கீழாநெல்லி அரைச்சி மோர்ல சாப்புடுங்க. எண்ணெய்ப் பலகாரத்த கம்மி பண்ணுங்க" என்றார். அதிகாரிக்காகச் சுடச்சுடப் போட்டிருந்த போண்டாவை அன்று ஆசிரியர்கள் நாங்களே தின்று தீர்த்தோம். நான் ஏழு.

அவர் குடும்பத்துக்குக் கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் இரும்புச் சாமான் கடை. "பெரியவன் பூட்டு விக்கிறேன், சின்னவன் எலி வளக்கிறான். இன்னா குடும்பமோ" என்று அவருடைய அண்ணன் வாடிக்கையாளர்களிடம் அலுத்துக்கொள்வார். அந்தக் கடையில் மூட்டை தூக்கியவர் ஒருவர், கருணாபுரத்துக்காரர், குடித்துக் குடித்துக் கண் மஞ்சளாகி, கால் வீங்கிச் செத்துப்போனார். சாகிற வாரம்வரை ஆணி மூட்டை சுமந்திருக்கிறார். அதிலிருந்துதான் ஜமால் சாருக்கு இந்தப் பித்து. "வயிறு கத்தும் சார். ஈரல் கத்தாது. கிட்னி அதவிட அமுக்கம். கெட்டுப்போற வரைக்கும் நம்மள வேலைக்கு அனுப்பிக்கினே இருக்கும்" என்பார்.

கல்வராயன் மலைக் கீழாநெல்லியும் மூக்கிரட்டை வேரும் சேர்ந்த சாறு, நஞ்சு ஏறிய ஈரலையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றும் என்று நிரூபிக்க வேண்டும். அதுதான் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. பல வருடம் இழுத்து, பதிவு காலாவதியாகச் சில மாதங்களே இருந்தபோதுதான் கடைசிப் பரிசோதனைக்கு எலிகள் வந்துசேர்ந்தன. மூன்று கூண்டுகள். முதல் கூண்டுக்குச் சாப்பாடும் தண்ணீரும் மட்டும். இரண்டாம் கூண்டுக்கு நஞ்சு. மூன்றாம் கூண்டுக்கு நஞ்சும் சாறும். இரண்டாம் கூண்டில் ஈரல் கெட்டு, மூன்றாம் கூண்டில் பிழைத்திருந்தால் பட்டம். பதினான்கு நாள், ஒரு நாளும் விடாமல் மருந்து போக வேண்டும். "எலிக்கு லீவு கிடையாதுங்க" என்று பெருநாளன்றுகூடத் தொழுகை முடிந்ததும் பிரியாணி வாசனையோடு கல்லூரிக்கு வந்த மனிதர் அவர்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த காலம் அது. ஆசிரியர் அறையில் யார் யார் பக்கத்தில் உட்கார்கிறார்கள் என்பதே ஒரு அறிக்கை மாதிரி ஆகிவிட்டிருந்தது. பத்து வருடம் ஒரே டிபன் பாக்ஸில் கைவைத்தவர்கள் மூடியை மூடிக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒருநாள் வாக்குவாதம் முற்றி, "நீங்க எந்தப் பக்கம்?" என்று ஜமால் சாரைப் பிடித்துக்கொண்டார்கள். "எலிக் கூண்டு வெக்க எனக்கு ஒரு ரூம் ஒதுக்கச் சொல்லுங்க. அந்தப் பக்கம் வந்துடறேன்" என்றார். இரண்டு தரப்பும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பரிசோதனையின் ஆறாம் நாள், சாற்றுக்குச் செடி போதாது என்று அவர் மலைக்குப் போனார். மாலையில் திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். அன்று மதியமே போராட்டக்காரர்கள் சாலையெங்கும் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை. ஐந்து நாள் அவர் வெள்ளிமலையிலேயே மாட்டிக்கொண்டார். செடி பறித்துத் தரும் பச்சையம்மா வீட்டில்தான் தங்கினாராம். "எங்க சாமையெல்லாம் எலி துன்னுட்டுப் போவுது. நீ அதுக்கு ஈரல் நல்லா இருக்கணும்னு மருந்து குடுக்கிறியா வாத்தியாரே?" என்று அந்தம்மா கேட்டுக்கொண்டே சாமைச் சோறு போட்டதைப் பிறகு என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

கல்லூரிக்குப் பக்கத்தில் குடியிருந்த ஒரே காரணத்தால் எலிகள் என் தலையில் விழுந்தன. யாப்பிலக்கணம் நடத்துகிறவனுக்கு எலி வளர்ப்பு. நஞ்சை எண்ணெயில் கலந்து ஊசி போடுவதும், எலியைத் துணியில் சுற்றிப் பிடித்து வாயில் குழாய் விடுவதும் வேலாயுதத்தின் வேலை. சாற்றை அளந்து குழாயில் ஏற்றித் தருவது என் வேலை. முதல் இரண்டு நாள் ஒழுங்காகத்தான் செய்தேன்.

மூன்றாம் நாள் இரண்டாம் கூண்டை உற்றுப் பார்த்தேன். எலிகளின் முதுகெல்லாம் மஞ்சள். ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு, கண்ணைத் திறக்காமல் கிடந்தன. காமாலை முற்றிவிட்டது என்று முடிவு செய்தேன். பக்கத்துக் கூண்டில் மருந்து இருக்க, இவற்றுக்கு மட்டும் ஏன் இல்லை? ஊரே இந்தக் கேள்வியைச் சாலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த வாரம் அது. வேலாயுதம் டீ குடிக்கப் போன சமயம், இரண்டாம் கூண்டின் தண்ணீர் பாட்டிலில் சாற்றை ஊற்றினேன். ஜமால் சார் வரும்வரை மூன்று நாள் ஊற்றினேன். எலிகள் பிழைத்துக்கொண்டன என்று வீட்டில் பெருமை வேறு.

சார் வந்த பிறகுதான், பேச்சுவாக்கில், அந்த மஞ்சள் நிறம், கூண்டுக்குக் கூண்டு அடையாளம் தெரிய அவரே பூசிய சாயம் என்று தெரிந்தது. இரண்டாம் கூண்டுக்கு முதுகில், மூன்றாம் கூண்டுக்கு வாலில். பகலில் சுருண்டு தூங்குவது எலிக்கு இயல்பாம். அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "நீங்க இல்லன்னா என் ஆராய்ச்சியே போயிருக்கும் சார்" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மூடிக்கொண்டேன்.

முடிவு வந்தது. மூன்று கூண்டுகளின் ஈரலும் ஒன்றுபோல் இருந்தது. சிறுநீரகமும் அப்படியே. சாறு குடிக்காத இரண்டாம் கூண்டும் நன்றாகத்தானே இருக்கிறது, உங்கள் செடியால் ஒரு பலனும் தெரியவில்லையே என்று வழிகாட்டிப் பேராசிரியர் கேட்டிருக்கிறார். பதிவு முடிந்துபோனது. ஜமால் சார் யாரையும் குறை சொல்லவில்லை, செடியைக்கூட. "நான்தான் தப்பான எடத்துல பறிச்சிட்டேன் போல கீது சார். மலையில கிழக்கு சரிவு வேற, மேற்கு சரிவு வேற" என்று ஞாயிறுதோறும் மலை ஏற ஆரம்பித்தார். திங்கட்கிழமை வந்து பையைக் கொட்டி, "இது இன்னா சொல்றீங்க? இதுல கசப்பு ஜாஸ்தியா?" என்று என் வாயில் ஓர் இலையை வைப்பார். மனசாட்சிக்கு அவ்வளவு கசப்பு ஆகாது. அதனால்தான் கழிப்பறை.

கணக்குப் போட்டால், ஒரு வரி உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் அந்த ஞாயிறு அந்த பஸ்ஸில் இருந்திருக்க மாட்டார். வகுப்பிலும் மேடையிலும் ஊரைச் சிரிக்கவைத்தே பிழைப்பவன் நான். இந்த வரிக்குச் சிரிப்பு எதுவும் வரவில்லை. அலுப்பாக இருக்கிறது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். காலையில் பல் துலக்கும் முன் கண்ணாடியில் கீழிமையை இழுத்துப் பார்த்துக்கொள்கிறேன். மஞ்சள் இல்லை. உள்ளே ஒருவர் கத்தாமல் வேலை செய்துகொண்டிருக்கிறார் என்ற நினைப்பு வருகிறது. ஜமால் சாரையும் சேர்த்துத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அடக்கம் முடிந்து கபர்ஸ்தானிலிருந்து வேலாயுதமும் நானும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தோம். என் வேட்டியில் செயின் மை அப்பிவிட்டது. வேலாயுதம் குனிந்து பார்த்தார்.

"எலிக்குப் போட ஜமால் சாரு வெச்சிருந்த விஷ மருந்து பாட்டிலு இருந்திருந்தா ஒரு சொட்டுல போயிருக்குங்க. எண்ணெய்க் கறைக்கு அதுபோல ஒண்ணு கெடையாது. என் பொண்ணு கல்யாணத்துல பட்டுப் பொடவை, வேட்டின்னு ஒண்ணு உடாம அதுலதான் தொடச்சேன். பாட்டிலே காலி."

"எப்ப வேலாயுதம் கல்யாணம்?"

"எலி வந்து எறங்கறதுக்கு முந்தின வாரங்க. அதான் பதினாலு நாளும் வெறும் எண்ணெயவே ஊசி போட்டுட்டேன். சாரு பாவம், அதுங்களுக்கு விஷம் குடுக்க மனசு கேக்காம ஊசி போடற பக்கம் திரும்பியே பாக்க மாட்டாரு."