வயலில் விழுந்த கடல் புள்ளிகள்

ஜிபிஎஸ் மெஷினைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் அந்தக் கேபிளைச் செய்த கம்பெனி மூடிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அதன் இணைய முகவரியைத் தட்டினால் செருப்பு விற்கிற பக்கம் வந்தது. கேபிளோடு கொடுத்த சிடி எங்கே என்று கேட்டேன்.

"கருவாட்டுக்கு வர்ற காக்காய வெரட்டக் கட்டித் தொங்கவிட்டுட்டோம் தங்கச்சி" என்றார் காரைக்கால்மேட்டிலிருந்து வந்திருந்த படகுக்காரர்.

"நல்லா மின்னுச்சும்மா. காக்கா ஒண்ணும் கிட்டவே வரல" என்றார் அவர் மனைவி, பெருமையாக.

துண்டில் சுற்றி எடுத்துவந்திருந்தது படகில் இருக்கும் ஜிபிஎஸ் மெஷின். பாறை எங்கே, மீன் கூடுகிற இடம் எங்கே, வலையைக் கிழிக்கும் மூழ்கிய கப்பல் எங்கே என்று இருபது வருடமாக அவர் குறித்துவைத்த இருநூறு புள்ளிகள் அதற்குள் இருந்தன. திரையில் பாதி கறுத்துவிட்டது. உள்ளே இருக்கும் பேட்டரி எப்போது சாகும் என்று தெரியாது. செத்தால் அத்தனையும் போய்விடும். மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒரு வாரம்தான் பாக்கி. அதற்குள் புள்ளிகளைப் புது மெஷினுக்கு மாற்ற வேண்டும்.

"நோட்டுல எழுதி வச்சிருக்கலாமே அண்ணே?"

"எழுதினா போட்டோ புடிச்சிட்டுப் போயிடுவானுங்க. நீ எடுத்துக் குடு. ஆனா பாக்காத."

"கல்யாணமாகி முப்பது வருசம், எனக்கே காட்டுனதில்ல. நீ கண்ணக் கட்டிக்கிட்டு வேல பாரும்மா" என்றார் அந்த அக்கா.

நான் எட்டாவதோடு நின்றவள். டைப்பிங் கற்று, ஜெராக்ஸ் கடை வைத்து, கடையில் கெட்டுப்போனதையெல்லாம் பிரித்துப் பார்த்துப் பார்த்து ரிப்பேர் வேலைக்கு வந்தேன். இன்றைக்கும் ஒரு பிளக்கைச் சொருகும்போது புகை வருமோ என்று ஒரு அடி தள்ளித்தான் நிற்பேன். அந்த மெஷினை வாங்கி வைத்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கேபிளைச் சொருகினால் கம்ப்யூட்டர் மஞ்சள் ஆச்சரியக்குறி போட்டது. ஏதோ வந்திருக்கிறது, அதோடு பேசத் தெரியவில்லை என்று அர்த்தம். இரண்டுக்கும் நடுவில் பேச்சை மாற்றிச் சொல்கிற ஆள்தான் டிரைவர். கம்பெனி பெயரைப் போட்டுத் தேடினேன். பக்கத்துக்குப் பத்துப் பச்சை பட்டன், எல்லாமே 'டவுன்லோடு'. எதை அழுத்தினால் எந்த வைரஸ் வருமோ என்று ஒன்றையும் தொடவில்லை.

அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. பேசத் தெரியாத கம்ப்யூட்டருக்கு ஏதோ வந்திருக்கிறது என்பது மட்டும் எப்படித் தெரிந்தது? கேபிள் ஏதோ ஒன்றைச் சொல்லியிருக்கத்தானே வேண்டும்? மஞ்சள் குறியைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்தேன். இரண்டு எண்கள் இருந்தன. செய்தவர் யார் என்பதற்கு ஒன்று, செய்த பொருள் எது என்பதற்கு ஒன்று. பெயரை விட்டுவிட்டு எண்ணைத் தேடினேன். அது மூடிய கம்பெனியின் எண்ணே இல்லை! உள்ளே இருந்த சிப்பைச் செய்தது வேறொருவர். மூடியவர்கள் மேலே உறையைப் போட்டுத் தங்கள் பெயரை அச்சடித்ததோடு சரி.

சிப் செய்தவர்கள் இன்னும் தொழிலில் இருந்தார்கள். அவர்களுடைய புது டிரைவரைப் போட்டேன். இவ்வளவு பழைய சிப்புக்கு நான் வேலை செய்யமாட்டேன் என்று அது மறுத்துவிட்டது. பழைய டிரைவர்தான் வேண்டும். அதே காலத்தில் அதே சிப் வேறு எதிலெல்லாம் போயிருக்கும்?

பயந்தவள் எதையும் தூக்கிப் போடமாட்டாள். என்றைக்காவது யாராவது வந்து கேட்டால் என்ன செய்வது என்று, கடைக்கு வந்த ஒவ்வொரு சிடியையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைத்திருந்தேன். ஒவ்வொன்றாகத் திறந்து எண்ணைத் தேடினேன். ஒரு அரிசி மண்டியின் எடை மெஷினோடு வந்த சிடியில் அதே இரண்டு எண்கள். போட்டேன். மஞ்சள் குறி மறைந்தது.

படகுக்காரரையும் அக்காவையும் வரச்சொன்னேன். அவர் எதிரிலேயே மெஷினை மாட்டிப் புள்ளிகளை இறக்க ஆரம்பித்தேன். அவர் துண்டை மானிட்டர் மேல் போட்டார். வேலை முடிந்துவிட்டதா என்று பார்க்கவாவது வேண்டுமே என்றதும் கீழ் ஓரத்தை மட்டும் விலக்கிவிட்டார். நேரம் பிடிக்கும் போலிருந்ததால் இரண்டு பேரும் டீ குடிக்கப் போனார்கள்.

இறங்கி முடிந்தது. சரியாக வந்ததா என்று தெரியாமல் எப்படிக் கொடுப்பது? அதுவும் ஒரு காரணம். பார்க்க வேண்டும் என்கிற ஆசைதான் பெரிய காரணம். துண்டைத் தூக்கிப் புள்ளிகளை வரைபடத்தில் போட்டேன்.

கடலில் ஒன்றுகூட இல்லை. இருநூறும் மேற்கே தரையில் கிடந்தன. ஒன்று நெல் வயலில், ஒன்று வாய்க்காலில், ஒன்று நான் படிப்பை விட்ட பள்ளிக்கூடத்தின் பின்புறம். அந்த மனுஷனின் இருபது வருடத்தை நாசமாக்கிவிட்டேன். அதைச் சொல்வதென்றால் பார்த்ததையும் சொல்ல வேண்டும்.

அவர்கள் வந்ததும் சொல்லிவிட்டேன். "அண்ணே, பாத்துட்டேன். எல்லாம் வயல்ல கெடக்கு. கெடுத்துட்டேன்."

அவர் வரைபடத்தைக் கூர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். "ஒண்ணும் கெடல. நான் குறிக்கும்போதே எல்லாத்தையும் ஒரே அளவு தள்ளித்தான் குறிப்பேன். மெஷின எவன் திருடினாலும் போயி நாத்து நட வேண்டியதுதான். எவ்வளவு தள்ளணும்னு எனக்குல்ல தெரியும்!"

புது மெஷினில் ஏற்றினோம். ஒன்றும் விட்டுப்போகவில்லை. என் கம்ப்யூட்டரில் இருந்ததை அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழிக்க ஆரம்பித்தேன். பட்டியலின் கடைசியில் ஒரு பெயர் கண்ணில் பட்டது. முகத்துவாரம். அரசலாறு கடலில் சேரும் இடம். காரைக்காலில் பீச்சுக்குப் போகிற குழந்தைக்கும் தெரிந்த இடம். அதுவும் தரையில்தான் விழுந்திருந்தது. எங்கே என்று இங்கேயும் எழுதமாட்டேன். அங்கிருந்து நிஜ முகத்துவாரம் எவ்வளவு தூரமோ, அவ்வளவுதான் அவருடைய ரகசியம்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்குத் தூக்கம் வராது.

"அண்ணே, ரெண்டு மெஷின்லயும் இந்த ஒண்ண மட்டும் அழிச்சிடுங்க. இத வச்சே மத்த எல்லாத்தையும் கண்டுபுடிச்சிடலாம்."

அவர் முகம் மாறியது. அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஊருக்கே தெரிஞ்ச எடத்தையும்ல ஒளிச்சு வச்சிருக்காரு!"

அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தன் கையாலேயே அதை இரண்டிலும் அழித்தார். துண்டில் மெஷின்களைச் சுற்றிக்கொண்டே கேட்டார்: "நீ கணக்குப் போட்டுப் பாத்தியா?"

"இல்லண்ணே."

அது உண்மைதான். அந்தக் கணக்கு மனதில் ஓடிவிடக்கூடாதென்று, அவர்கள் வாசல் தாண்டும்வரை பிஸ்கட் டின்னில் இருந்த சிடிக்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.