என் கம்ப்யூட்டரில் மட்டும் தெரிந்த எழுத்து

நேற்று மூணாறு பஸ்ஸில், நான் செய்துகொடுத்த வெப் பக்கம் ஒன்றைப் போனில் திறந்தேன். சிக்னல் இழுத்துக்கொண்டிருந்தது. முதலில் தமிழ் சாதாரண எழுத்தில் வந்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் நான் தேர்ந்தெடுத்த ஃபாண்டுக்கு மாறியது, சட்டை மாற்றிக்கொள்வது மாதிரி. அதற்குள் எனக்கு வெல்லப்பாகு வாசனை அடித்தது என்றால் நம்புவீர்களா?

அது செல்லத்துரை அண்ணாச்சியின் வாசனை. மறையூரில் கரும்பு ஆலை வைத்திருந்தவர். எப்போது வந்தாலும் விரலில் பாகு. அவர் தொட்ட கீபோர்டை ஈரத்துணியால் துடைத்தே என் பொழுது போகும். ஒன்பதாவதோடு படிப்பை விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நெட் சென்டரில் சேர்ந்திருந்தேன். "ஒரு பக்கமாவது உருப்படியா செஞ்சு காட்டு. இல்லன்னா அடுத்த மாசம் எங்கூட தேயிலைக் கொழுந்து கிள்ள வா" என்று அம்மா சொல்லியிருந்தாள். அந்த ஒரு பக்கம்தான் அண்ணாச்சியின் வெல்லத்துக்கு.

ஆலைத் தகரப் பலகையில் இருக்கிற குண்டு எழுத்தேதான் வேண்டும் என்றார். அதே மாதிரி ஒரு ஃபாண்டைத் தேடிப் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். நான் கவலைக்காரி. பத்துத் தடவை திறந்து பார்த்தேன். பத்துத் தடவையும் அதே கம்ப்யூட்டரில்.

அண்ணாச்சி உடுமலைப்பேட்டைக்குப் போய் மொத்த வியாபாரியின் கடைக் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து காட்டியிருக்கிறார். மறுநாள் வந்து நின்றார்.

"ஏ புள்ள, அது எந்த ஊரு பாஷை? ஒரே கொம்பும் கோடுமா நிக்கி. 'ஏனுங்க, மலையாளத்துல எழுதிப்புட்டீங்களா'ங்காரு கடைக்காரரு. மலையாளம்னா எனக்கே தெரிஞ்சிருக்குமே!"

"இங்க நல்லாத்தான் தெரியுது அண்ணாச்சி."

"அப்ப வெல்லம் வாங்குறவன எல்லாம் பஸ்ஸேத்தி இங்க கூட்டியாரவா?"

அப்போதுதான் புரிந்தது. ஃபாண்ட் என்னிடம் மட்டும் இருந்தது, பக்கத்தோடு போகவில்லை. அந்தக் காலத்துப் பக்கங்களின் அடியில் ஒரு வரி இருக்கும்: 'எழுத்து தெரியவில்லையா? இந்த ஃபாண்டை இறக்கிக்கொள்ளுங்கள்.' நானும் அதைப் போட்டுத் தப்பித்திருக்கலாம். வெல்லம் வாங்க வந்தவர் எதற்காக அந்தப் பாடு படவேண்டும்?

ஃபாண்ட் கோப்பையும் பக்கத்தோடே வைத்து, அதை எடுத்துக்கொள்ளச் சொல்லும் வரிகளை எழுதப் படித்தேன். அதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். என் கம்ப்யூட்டரிலிருந்து அந்த ஃபாண்டை அழித்தேன். உடுமலைப்பேட்டைக்காரர் பார்த்த கொம்பும் கோடும் என் கண்ணுக்கும் தெரிந்தது. இரண்டு நாள் தெரிந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் குண்டு எழுத்து வந்தது. அண்ணாச்சியை மறுபடி பஸ் ஏற்றினேன்.

சாயங்காலம் போன் வந்தது. "வந்துட்டு புள்ள! நம்ம தகரப் பலகையேதான்!" பின்னால் கடைக்காரர், எத்தனை மூட்டை வரும் என்று கேட்பது கேட்டது. அம்மா அதற்கப்புறம் கொழுந்துப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது எந்தப் போனிலும் தமிழ் தானாக வருகிறது. அந்த அடிவரியை எங்கும் காணோம். நெட் சென்டர் இருந்த இடத்தில் பழக்கடை. ஆனால் அன்று அழித்த ஃபாண்டை நான் திரும்ப ஏற்றவே இல்லை. இன்றைக்கும் எந்தப் பக்கத்தையும் முதலில் அடுத்தவர் போனில்தான் திறந்து பார்க்கிறேன்.