கவிழ்த்த மங்குகளின் வரைபடம்

சுங்கை சிப்புட்டிலும் ஈப்போவிலும் தாப்பாவிலும் சிலிம் ரிவரிலும் சிதறி வாழும் என் தோட்டத்து உறவுகளே, ஒரே ரப்பர்ப் பால்மரத்து நிழலில் பிறந்தவர்களே, கேளுங்கள். நம் தோட்டத்து இடுகாட்டை நாளை திங்கட்கிழமை காலை மண்வாரி எந்திரம் சமன்படுத்தப் போகிறது. அதைத் தடுக்க ஏறத்தாழத் தனியாளாய் நின்ற மனிதருக்கு நேற்றுதான் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. உயிரோடு இருந்து அவர் அழைத்தபோது நம்மில் பெரும்பாலோர் போகவில்லை. நிலத்தை வாங்கியவர்மீது எனக்குச் சினம் உண்டு. ஆனால் என் முதல் முறையீடு நம்மீது. அதிலும் முதலில் என்மீது.

செய்தி வந்த வெள்ளிக்கிழமை, தாப்பாவைக் கடந்து சிலிம் ரிவரில் ஒரு கூட்டத்தில் பேசப் போய்க்கொண்டிருந்தேன். அவருடைய மனைவி பார்வதி அக்கா கைப்பேசியில் அழைத்தார்.

"தம்பி, வண்டி ஓட்டுறீங்களா?"

"ஆமாக்கா. சொல்லுங்க."

"மொதல்ல ஓரமா நிறுத்துங்க. நிறுத்திட்டுப் பேசுங்க."

நிறுத்தினேன்.

"அண்ணன் காலையில எழும்பல தம்பி. போட்டு வச்ச டீ ஆறிப் போய்க் கெடக்கு."

பிறகு சொன்னார்: "மேசையில அந்தப் படம் விரிச்சபடியே இருக்கு. பென்சில் அதுமேல. நான் ஒண்ணையும் தொடல லா. நீங்க வந்து பாருங்க."

அந்த இடுகாட்டு வரைபடத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். அதற்குமுன் மனிதரைப் பற்றி.

மாரிமுத்து அண்ணனை உங்களில் மூத்தவர்கள் 'கப்பல்காரரு' என்று அழைத்தீர்கள். நம் தோட்டத்தில் பால்வெட்டிய பெருமாளின் மகன். எட்டு அகவையில் தாயை அந்த இடுகாட்டில் விட்டவர். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, ஈப்போவில் படிப்பை முடித்து, கடலையே கண்டிராத கண்களோடு கடற்படையில் சேர்ந்தார். லக்சமானா பெர்த்தாமா என்னும் உயர்நிலைவரை ஏறி ஓய்வு பெற்றார். பீரங்கி அவர் கருவி அன்று. கடலின் ஆழத்தை அளந்து, எங்கே மணல்திட்டு, எங்கே மறைபாறை என்று வரைபடம் எழுதும் பிரிவில் தம் காலம் முழுவதையும் கழித்தார். "சுடுறவனுக்குப் பேரு, நமக்கு வேலை. கப்பல் ஒழுங்கா வந்து சேந்துடுச்சுன்னா நம்மள ஒருத்தனும் நெனைக்க மாட்டான். அதுதான் நமக்கு மெடல்," என்பார்.

நான் மேடையேறிப் பேசும் எங்கள் மன்றம் ஈப்போவில் அவருக்குப் பொன்னாடை போர்த்திய மாலையில் அவர் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். அவர் இளம் அதிகாரியாக இருந்த நாளில், பழைய வரைபடம் ஒன்றில் ஒரு பாறை குறிக்கப்பட்டிருந்தது. யாரோ ஒரு மீனவர் எப்போதோ சொன்ன பாறை. அளவைக் கப்பல் அந்தப் பக்கம் போய்வந்தது, பாறை தென்படவில்லை. புதிய படத்திலிருந்து அதை நீக்கிவிடச் சொன்னார் மேலதிகாரி. நீக்கியதற்குக் கையொப்பமிட வேண்டியவர் இவர். மறுத்துவிட்டார். அந்த ஆண்டு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அடுத்த பருவத்தில் நீர் வற்றிய வேளையில் சிறு படகோடு போய்த் தேடினார்கள். முழங்கை ஆழத்தில் பாறை இருந்தது.

"எங்க தொழில்ல ஒரு சட்டம் இருக்கு," என்றார் அன்று. "நேர்ல போய்த் தேடாம எதையும் படத்துலேர்ந்து அழிக்கக் கூடாது. இருக்கோ இல்லையோன்னு சந்தேகமா? சந்தேகம்னு எழுது. அழிச்சிராத."

நான் கைதட்டினேன். அடுத்த மேடையில் அந்தச் சொல்லை என் சொல்போல் முழங்கவும் செய்தேன். பொருள் விளங்காமல் முழங்கினேன்.

தந்தை இறந்தபோது அவர் நடுக்கடலில் இருந்தார். கரைக்கு வந்து, வெண்சீருடையைக்கூடக் கழற்றாமல் தோட்டத்துக்கு வந்து செம்மண்ணில் மண்டியிட்டதைப் பார்த்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். கல் வைக்க வழியில்லாத மக்கள் நாம். மரத்தில் கட்டிப் பால் பிடித்த மங்கு நினைவிருக்கிறதா? இறந்தவர் கைபட்ட மங்குகளில் ஒன்றை எடுத்துவந்து, தலைமாட்டில் கவிழ்த்து, மரத்தில் அதைக் கட்டிய கம்பியாலேயே மண்ணோடு இறுக்குவோம். இனி இதில் பால் விழாது, இவர் வேலை முடிந்தது என்பது அதன் பொருள். எந்த மங்கு யாருடையது என்பது அந்தந்த வீட்டாருக்குத் தெரியும். அன்று பெருமாளின் மங்கும், அதற்குச் சற்றுத் தள்ளி அவர் மனைவியின் மங்கும் அங்கே இருந்தன.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன்.

தோட்டம் விற்கப்பட்டு, நாம் தாமான் எனும் குடியிருப்பு வீடுகளுக்கும் ஆலை வேலைக்கும் சிதறிய பிறகு, டிங்கிக் காய்ச்சல் பரவிய ஓர் ஆண்டில் எங்கள் மன்றம் கோத்தோங் ரோயோங் நடத்தியது. தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயத்தையும் காட்டையும் சேர்ந்து துப்புரவாக்கும் பணி. கேட்பாரற்றுக் கிடக்கும் மங்குகளில் மழைநீர் தேங்குகிறது, கொசு வளர்கிறது என்று நான் பேசினேன். நன்றாகவே பேசினேன். ஒரு காலைப்பொழுதில் இரண்டு லாரி மங்குகளை அள்ளினோம். இடுகாட்டு ஓரம் வந்தபோது, நெடுநாள் பால்வெட்டிய அஞ்சலை அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, அந்தப் பக்கம் வேணாம்."

"அக்கா, நோய் பக்கம் பாத்து வராது," என்றேன். கூட்டம் சிரித்தது. அவர் விலகி நின்றார். வேலை முடிந்து, வெறுமையான நிலத்தின்முன் நின்று படம் எடுத்துக்கொண்டோம். கவிழ்த்த மங்கில் நீர் தேங்காது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பகைவன் எவனும் வரவில்லை, உறவுகளே. நம் இறந்தவர்களின் அடையாளத்தை நம் கையாலேயே அள்ளி லாரியில் ஏற்றினோம்.

ஓய்வு பெற்று ஈப்போவில் குடியேறியபின் மாரிமுத்து அண்ணன் தாயைத் தேடி வந்தார். வெறும் மண் இருந்தது. கேட்டுக் கேட்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"இடுகாட்டக் கூட்டினது யாரு?"

"நான்தாண்ணே."

"நல்லாத்தான் கூட்டியிருக்கீங்க. ஒண்ணு விடல," என்றார். வேறு வசை அவரிடமிருந்து வரவில்லை. அடுத்த ஞாயிறு காலை வண்டியில் வந்து ஒலிப்பானை அடித்தார். "ஏறுங்க. கயிறு பிடிக்க ஆள் வேணும்."

அவர் கடலை அளந்தது போலவே இடுகாட்டை அளந்தார். முடிச்சிட்ட கயிறு, ஒரு நீண்ட கழி, பென்சில். மழை பெய்த மறுநாள்தான் வேலை. புதைத்த மண் ஆண்டுகள் போகப்போகச் சற்றே தாழும். மழைநீர் அங்கே ஆள் நீளத்துக்கு நிற்கும். நிலம் தானே தன் ஆழத்தைக் காட்டும் என்று எனக்கு அவர்தான் காட்டினார். யாருடைய குழி என்பதை நீர் சொல்லாது. அதற்கு மனிதர் வேண்டும். அஞ்சலை அக்காவை அழைத்து வந்தோம். அவர் ஒரு கணமும் தயங்கவில்லை.

"கெணத்த மொகத்துக்கு நேரா வச்சிக்க. கோயில் மரம் எடது தோளுக்கு வரட்டும். இப்ப நிக்கிறியே, அது எங்கப்பன் காலடி. தள்ளி நில்லு."

அண்ணன் துள்ளி விலகினார். "அக்கா, நீங்க சொன்னதுக்குக் கப்பல்ல ஆறு மாசம் படிக்கணும்."

"ஒனக்கு ஆறு மாசமா? அவ்வளவு மக்கா நீ?"

கடற்படையில் பெரும்பதவி வகித்த அந்த மனிதர் அவ்வளவு உரக்கச் சிரித்ததை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

பிறகுதான் நிலத்தைச் சமன்படுத்தும் அறிவிப்பு வந்தது. நிலத்தை வாங்கியவரின் அலுவலகத்துக்குப் போனோம். முகப்பில் இருந்தவர் ஒரு பிளானை விரித்து, "இங்க ஒண்ணுமே இல்ல அங்கிள், காலி நிலம்," என்றார். "நீங்க போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டார் அண்ணன். அவர் போய்ப் பார்க்கவில்லை. மூன்றாம் முறை போனபோது மேலாளர் ஒருவர் இறங்கி வந்தார். இறந்தவர்களின் குடும்பத்தாரில் பெரும்பாலோர் நேரில் நின்று இடத்தைக் காட்டிக் கையெழுத்திட்டால் வேலையை நிறுத்தி வைக்கலாம், கெடு இந்தத் திங்கட்கிழமை காலைவரை என்றார்.

அன்று தொடங்கி அண்ணன் உங்கள் வீடுகளுக்கு நடந்தார். எழுபதைக் கடந்த கால்களோடு படியேறினார். "வாரேன் அண்ணே, ஞாயித்துக்கிழமை போலாம்," என்று நீங்கள் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். ஞாயிறுகள் வந்தன. குடையும் கழியும் முடிச்சுக் கயிறுமாக அவர் நின்றார். வந்தவர்கள் மூன்று வீட்டார். "ஓவர்டைம் இருந்திருக்கும்," என்றார் ஒருநாள். "பிள்ளைக்குப் பரீட்சையா இருக்கும்," என்றார் மறுவாரம். உங்களுக்காகச் சாக்குச் சொல்வதையும் அவரே செய்தார்.

கடைசி ஞாயிறு அவரிடம் ஓர் இழிந்த சொல்லைச் சொன்னேன். அவர் தந்தையின் இடம் கிடைத்திருந்தது, தாயின் இடம் கிடைக்கவில்லை. தந்தையின் குழிக்குக் கிழக்கே இரண்டு பள்ளங்கள். இரண்டில் எது என்று அஞ்சலை அக்காவுக்கும் தெரியவில்லை, சொல்ல வேறு ஆள் இல்லை. "ஏதாவது ஒண்ணக் காட்டிக் கையெழுத்துப் போட்டுருங்கண்ணே, யாருக்குத் தெரியப் போவுது," என்றேன். கெடு என்னை அவ்வளவு நெருக்கியிருந்தது.

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "தம்பி, நான் கையெழுத்துப் போட்ட படத்த நம்பித்தான் கப்பல் போச்சு. இப்ப எங்கம்மா விசயத்துல மட்டும் பொய்யா எழுதவா?"

அவர் இறந்த காலையில் மேசைமேல் இருந்த படத்தில், பெயர் எழுதிய குழிகள் சில. பெயரற்ற குழிகள் பல. அந்த இரண்டு பள்ளங்களையும் சேர்த்துப் புள்ளிக்கோட்டால் ஒரு வளையம். உள்ளே அவர் கையால்: 'அம்மா. இடம் ஐயம். தேட வேண்டும்.'

அவருடைய சாம்பல் ஈப்போ வீட்டில் மண்கலயத்தில் காத்திருக்கிறது. கடலில் கரைக்கப் பார்வதி அக்கா மறுத்துவிட்டார். "கடல்ல இருந்தது போதும், அம்மா கிட்ட வச்சிருன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. அந்த எடமே இல்லாம போச்சுன்னா நான் எங்கே கொண்டு போறது தம்பி?" என்று கேட்டார்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது முடிச்சிட்ட அந்தக் கயிறு. 'அழிச்சிராத' என்ற சொல், இம்முறை பொருள் விளங்கி. என் நாவால் அழித்ததை என் நாவால் மீட்க முடியாது என்ற அறிவு. இரங்கற் கூட்டம் வேண்டா. மலர்வளையம் வேண்டா. அவர் பெயரில் மன்றம் வேண்டா.

இந்த நாளேடு உங்கள் கைக்கு வந்த இன்று ஞாயிறு. நேற்று மாலை மழை பெய்திருக்கிறது. பள்ளங்களில் நீர் நிற்கும். உங்கள் தந்தையை, தாயை, பிறந்து இறந்த பிள்ளையை எங்கே வைத்தீர்கள் என்று தெரிந்த முதியவரை வண்டியில் ஏற்றுங்கள். நடக்க இயலாதவரை நாற்காலியோடு தூக்கி வாருங்கள். வந்து, உங்கள் இறந்தவரின் காலடியில் நின்று கையெழுத்திடுங்கள். பெருமாளின் மனைவியைப் புதைத்த நாளில் உடனிருந்தவர் எவரேனும் உயிரோடு இருந்தால், ஐயா, அம்மா, உங்கள் கால்களைப் பற்றிக் கேட்கிறேன், வந்து அந்த இரண்டில் ஒன்றைக் காட்டுங்கள். பார்வதி அக்கா கலயத்தோடு அங்கே இருப்பார்.

கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நான் இடுகாட்டில் நிற்கிறேன். மறுமுனை மண்ணில் கிடக்கிறது. எழுந்து வந்து அதைப் பிடியுங்கள்.