வாசலில் நித்தியகல்யாணி

எழுபதுகளில் ஆண்டிபட்டியிலிருந்து கம்பத்துக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டு வந்தேன். மூத்தவள் காய்ச்சலில் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் பெற்ற ஏழு வயதுப் பெண் என்னைச் சித்தி என்றாள். என்றைக்காவது அம்மா என்பாள் என்று ஆசைப்பட்டேன். அந்த வீட்டில் எனக்கு வேறு ஆசையே இல்லை.

பிறந்த வீட்டிலிருந்து நித்தியகல்யாணி விதை முடிந்து கொண்டுவந்திருந்தேன். எள்ளைவிடச் சின்னக் கறுப்பு விதை. வெளிச்சம் பட்டால் சரியாக முளைக்காது. வாசலோரம் மண்ணைக் கொத்தித் தூவி, ஈரச்சாக்கால் மூடி வைத்தேன். ஒரு தடவை பிடித்துவிட்டால் வருஷம் பூராவும் பூக்கும். பூத்த அன்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏத்தா, சுடுகாட்டுப்பூவக் கொண்டாந்து வாசல்ல வச்சிருக்கியே, ஒனக்குக் கூறு இருக்கா?"

இங்கே அந்தப் பூவுக்கு அதுதான் பேர் என்று எனக்கு எப்படித் தெரியும்? உடனே பிடுங்கப் போனேன். பிள்ளை ஓடிவந்து செடிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

"பிடுங்காதீக சித்தி. அம்மாவப் பொதச்ச எடத்துலயும் இதே பூதான். பள்ளிக்கூடம் போறப்ப பாப்பேன். அம்மா இங்கன வந்திருக்காக."

மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார், செடி தப்பித்தது. பிள்ளை தினமும் செடியோடு பேசினாள். காற்றில்லாத நேரத்திலும் அது தலையாட்டுவதுபோல் எனக்குத் தெரியும். காய் வெடித்து, துவைக்கிற கல்லடியில் ஒன்று, அடுப்படி ஜன்னலுக்குக் கீழே ஒன்று என்று தானாக முளைத்தது. சமைக்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோலக் கிலி பிடிக்கும். பொறாமையும்தான், மறைப்பானேன். என் கையால் விதைத்த செடிக்கு அம்மா என்ற பேர் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை.

கல்யாணமாகி அவள் போடிக்குப் புறப்பட்டபோது மாமியார் உயிரோடு இல்லை. காய்ந்த காய்களை உதிர்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். எல்லாவற்றையும் எடுத்துக்கொள் என்றேன். வீட்டைவிட்டு அது தொலைந்தால் போதும் என்றிருந்தது.

"பாதி போதும் சித்தி. மிச்சம் இங்கனயே கெடக்கட்டும். அப்பா ஏலக்காத் தோட்டத்து வேலைக்கி மலையேறிட்டா நீங்க ஒத்தையாத்தான இருப்பீக. அம்மா ஒங்களுக்குத் துணைக்கி இருப்பாக."

பஸ் போன பிறகு வீட்டுக்குள் நுழையப் பிடிக்கவில்லை. ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து வாசல் செடிக்கு ஊற்றினேன்.

"அக்கா, பிள்ள நல்லபடியாக் கெளம்பிட்டா."

இத்தனை வருஷத்தில் மூத்தவளோடு நான் பேசிய முதல் பேச்சு அதுதான். செடி தலையாட்டுமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.