தலைகீழ் கேரியர்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். யாரிடமும் போய் நின்றதில்லை. எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அந்த ஐந்து பேருக்குமே தெரியாது. என் பெயரைக் கையெழுத்தாகப் போடுவேன், பஸ் நம்பர் பார்ப்பேன். மற்றதற்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உதட்டை அசைத்தால் போதும், பார்க்கிறவர்கள் நம்பிவிடுவார்கள்.

அனகாபுத்தூர்ப் பக்கம் ஒரு தோல் ஷெட்டில் பதினெட்டு வருஷம் வேலை செய்தேன். தோலை மெஷினில் தேய்க்கும்போது பறக்கிற தூளைக் கூட்டி அள்ள வேண்டும். என்னோடு ஒரு தங்கச்சி அள்ளினாள். கூடப் பிறந்தவள் இல்லை, அதற்கும் மேல். சுவரில் நோட்டீஸ் ஒட்டினால் நான்தான் அவளுக்குப் படித்துச் சொல்வேன். வாட்ச்மேனிடம் முன்பே கேட்டு வைத்துக்கொண்டு சொல்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாது.

சேர்ந்த மூன்றாம் வருஷமே அவள் இரும ஆரம்பித்தாள். நான் முதுகைத் தட்டிவிடுவேன். ஷெட்டை மூடிய பிறகு அவளுக்கு மூச்சே விட முடியவில்லை. இன்சூரன்ஸ்காரர் ஒருவர் டைப் அடித்த தாளோடு அவள் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, நீ படிச்சு சொல்லு, போட்டுடறேன்" என்றாள்.

நான் கண்ணாடியை மாட்டினேன். நிதானமாக இரண்டு பக்கமும் பார்த்தேன்.

"சரியாத்தான் கீது, போடு."

போட்டாள். கொஞ்ச காலம் வைத்தியச் செலவுக்கு வந்தது. பிறகு நின்றுவிட்டது. ஏன் என்று கேட்கத் தாம்பரத்தில் ஒரு வக்கீலம்மாவிடம் போனோம்.

"முதலாளி வருஷா வருஷம் ரெண்டு இன்சூரன்ஸ் எடுத்திருக்கார்ம்மா. கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. டிபன் கேரியர்னு வச்சுக்குங்க. அடித்தட்டு தீர்ந்தாத்தான் மேல்தட்டைத் தொடணும்."

"இன்னாம்மா சொல்றே? மேல்தட்டதானே மொதல்ல தொறப்பாங்கோ!" என்றாள் தங்கச்சி, இருமலுக்கு நடுவில்.

வக்கீலம்மா சிரித்துவிட்டார். "இது தலைகீழ் கேரியர்ம்மா. வருஷத்துக்கு ஒரு கேரியர். தூசி ஒரே நாள்ல நெஞ்சுல சேரல, இல்லையா? அதனால நீங்க இருமின எல்லா வருஷத்துக் கேரியரும் சேர்ந்துதான் பங்கு போடணும். ஆனா கடைசி வருஷத்துலதான் இருமல் வந்துச்சுன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

மூடப்போகிற ஷெட்டுக்கு எதற்கு என்று, அந்தக் கடைசி வருஷம் மட்டும் முதலாளி மேல்தட்டுப் பாலிசி எடுக்கவில்லையாம். இருந்தது ஒரே ஓர் அடித்தட்டு. அதில் எத்தனையோ பேர் கை வைத்து, வழித்தாகிவிட்டது.

"தாள்ல இருந்ததைப் படிச்சுக் காட்டாமலே கையெழுத்து வாங்கிட்டாங்கன்னு கூட இருந்தவங்க எழுதிக் கொடுத்தா, திரும்பக் கேட்டுப் பார்க்கலாம். யாராவது படிச்சுக் காட்டினாங்களா?"

"அக்காதாம்மா படிச்சுது. எங்க ஷெட்டுலயே அக்காதான் படிச்சவங்கோ" என்றாள். எவ்வளவு பெருமை அவள் முகத்தில்!

நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ சரியாத்தான் படிச்சிருப்பே. நாந்தான் காதுல வாங்கல போலக்கா" என்றாள்.

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வக்கீலம்மா கேட்டது இரண்டு வரிதான். அந்த இரண்டு வரிக்குள் எனக்குச் சொல்ல வரவில்லை. அதனால்தான் இதையெல்லாம் பேத்தியிடம் சொல்லி எழுத வைத்தேன். படிக்கத் தெரியாது என்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். எழுதடி என்றேன். நாளைக்கு முதலில் தங்கச்சி வீட்டுக்கு, பிறகு தாம்பரத்துக்கு.

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். கண்ணு, நீ எழுதினதை மொதல்லேருந்து படிச்சுக் காட்டு. கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.