பூசணியின் முதல் வெட்டு

லண்டன் குட்மேய்ஸில் ஒரு சமையல் வகுப்புக்கு ஐந்து செவ்வாய்க்கிழமைகள் போனேன். மேசையில் எனக்கு எதிரே நின்ற பெண்மணிக்கு அறுபது வயதிருக்கும். சேலைக்கு மேல் நீலக் கம்பளிச் சட்டை போட்டிருப்பார். எந்தப் பழத்தையும் முகர்ந்து பார்த்த பிறகுதான் நறுக்குவார்.

மூன்றாவது வாரம், பூசணியைப் பிளந்து விதையை எடுத்துவிட்டு, ஆப்பிளும் பேரிக்காயும் நிரப்பி ஓவனில் வைக்கும் பாடம். அவர் தன் பூசணியை என் பக்கம் தள்ளினார்.

“தம்பி, இதில ஒரு வெட்டுப் போட்டுத் தாங்கோ.”

“கத்தி மொட்டையோ, அக்கா?”

“கத்தி நல்ல கத்தி. முழுப் பூசணியை எங்கட பொம்பிளையள் வெட்டுறேல்லை. வீட்டில இவர்தான் வெட்டித் தாறவர். அவர் போனாப்பிறகு நான் பூசணியே வாங்கேல்லை.”

பிளந்து கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மகள் வருகிறாள், அவளுக்கு இதைச் செய்து கொடுக்க வேண்டும் என்றார். தகப்பன் இறந்த பிறகு மகள் அந்த வீட்டில் சாப்பிட உட்காரப் போவது அதுதான் முதல் முறை.

அடுத்த செவ்வாய், வீட்டில் பூசணியை யார் வெட்டியது என்று கேட்டேன்.

“பார்சல் கொண்டுவந்த வெள்ளைக்காரனை உள்ளுக்குக் கூப்பிட்டு வெட்டுவிச்சன். பாவம், சப்பாத்தையும் கழட்டிப்போட்டு வந்தவன்.”

“மகள் என்ன சொன்னவ?”

“அப்பா வெட்டினா இப்பிடிக் கோணாது எண்டாள். பிறகு ரெண்டு பேரும் அழுதழுது முழுக்கச் சாப்பிட்டு முடிச்சம்.”

இது நடந்து ஆறு வருடங்கள். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் நான் ஒரு பூசணி வாங்குகிறேன். அதைப் பிளக்கும்போதெல்லாம், இந்த வருடம் அவர் யாரைக் கூப்பிட்டிருப்பார் என்று யோசிக்கிறேன்.