கடலூரில் ஓர் உறை, சிதம்பரத்தில் ஒரு குரல்

என்னிடம் இசைத்தட்டு ஒன்றுகூடக் கிடையாது. அதைப் போட்டுக் கேட்கும் பெட்டியும் கிடையாது. நான் சேர்ப்பது தட்டின் மேலுறைகளை, ஆங்கிலத்தில் சொன்னால் ரெகார்டு ஜாக்கெட்டுகளை, மட்டும்தான். அதிலும் வெளிவந்த வேகத்தில் திரும்பப் பெறப்பட்டவை, யாராவது முகம் சுளித்தவை, கடைக்காரர் திருப்பி வைத்து விற்றவை என்றால் எனக்குச் சாப்பாடே வேண்டாம். "ஜாக்கெட்டாக வாங்கி அடுக்குகிறாள், புடவை எங்கே என்று கேட்டால் முழிக்கிறாள்" என்று என் கணவர் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இந்தப் பயணத்துக்குப் பிறகு அவர் அதைச் சொல்வதில்லை.

'தேர்ச்சக்கர உறை' பற்றி இந்த வலைப்பூவில் முன்பு எழுதியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்குச் சுருக்கமாக: எழுபதுகளில் நான்கு பாட்டுகளோடு வந்த சின்னத் தட்டு. நிறுத்திவைத்த தேரின் சக்கரத்துக்கு மேலே, கட்டையில் உட்கார்ந்து பாடகி சிரிக்கிறார். பத்தொன்பது இருபது வயதுப் பெண். காலில் செருப்பு. தேரில் செருப்புக் காலா என்று கண்டனக் கடிதங்கள் போக, கம்பெனி அந்த உறையையும், சில மாதங்களில் தட்டையுமே நிறுத்திவிட்டது. எந்த ஊர்த் தேர் என்று எனக்குத் தெரியும், எழுதப்போவதில்லை. அதே உறையில் இன்னொரு வகை உண்டு, அதில் செருப்புக்குப் பதில் செக்கச் சிவந்த பாதங்கள் என்று எங்கள் வட்டத்தில் ஒரு பேச்சு. அது இரண்டாம் அச்சுதான் என்று, கண்ணால் பார்க்காமலே, நானும் அடித்துச் சொல்லியிருந்தேன்.

அந்தப் பதிவின் கீழே மேல்பட்டாம்பாக்கத்து வாசகர் ஒருவர், "எங்க மாமா ஏழுமலைகிட்ட அந்தச் செவப்புக் கால் இருக்குது. கடலூர் முதுநகர்ல மைக் செட் வெச்சிருந்தாரு" என்று எழுதியிருந்தார். அதற்கு மேல் எனக்கு வீடு தங்குமா?

2011 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, காலை ஆறு மணிக்குத் தாம்பரத்தில், கடற்கரைச் சாலையில் புதுச்சேரி வழி போகும் பேருந்து. கட்டணம் எண்பது ரூபாய், நாலரை மணி நேரம். வலது பக்கம் உட்காராதீர்கள், கடல் இடது பக்கம்தான் வரும். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் இறங்கினால் முதுநகருக்கு நகரப் பேருந்து நாலு ரூபாய்க்குப் போகிறது. எனக்கு அவசரம், ஆட்டோவுக்கு அறுபது கொடுத்தேன்.

"மைக் செட் ஏழுமலையா?" என்றார் ஓட்டுநர். "அவரு கடைய மூடி வருஷமாச்சே. என்னா, ஏதாவது விசேஷமா?"

"ஒரு ரெகார்டு கவர் பார்க்க வந்தேன்."

"கவரா?" என்று கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஏழுமலைக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். டீ கொடுத்து, மாடி அறையிலிருந்து அந்த உறையை எடுத்து வந்து கையில் வைத்தார். அவ்வளவு நல்ல நிலையில் அதை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. தேரின் மர வேலைப்பாடு, மதிய வெயில், அந்தப் பெண்ணின் பயமில்லாத சிரிப்பு. பாதத்தில் விரலோட்டினேன். சிவப்பு தடிப்பாக நின்றது.

"அச்சு இல்லம்மா," என்றார். "நெயில் பாலிஷ்."

அந்தக் காலத்தில் கல்யாணப் பந்தலில் மைக் செட் மேசை மேல் உறைகளைப் பரப்பி வைப்பார்களாம். வருகிறவர்கள் உறையைக் காட்டித்தான் பாட்டுக் கேட்பார்கள். இந்த உறையைப் பார்த்து இரண்டு இடத்தில் தகராறாகிவிட்டது. கடைசியில், வம்பெதற்கு என்று மைக் செட்காரர்கள் எல்லோருமே தட்டை மூட்டை கட்டிவிட்டார்கள்.

"ஒரு நாளு அந்தப் பொண்ணே அப்பாவ இட்டுக்கிட்டு வந்துச்சு. 'அண்ணே, என் பாட்டு என்னா பாவம் பண்ணுச்சு? செருப்பத்தான தப்புன்றாங்க, அத நான் எடுத்துடறேன்'னு சொல்லிட்டு, பையிலேர்ந்து பாட்டில எடுத்துப் பூச ஆரம்பிச்சிடுச்சு. டான்ஸ் ஆடறவங்க காலுக்குப் பூசுவாங்க பாருங்க, அந்த மாரி ஆயிடுச்சு. எனக்கு மட்டுமில்ல, கம்மாபுரம் வரைக்கும் பஸ்ஸுல போயி ஒவ்வொரு செட்டுக்காரன்கிட்டயும் பூசிட்டு வந்துச்சாம். அப்பறம் ரெண்டு வருசம் அந்தப் பாட்ட போடாத கல்யாணம் இல்ல."

நான் இரண்டாம் அச்சு என்று எழுதியதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. எத்தனையோ சர்ச்சை உறைகளைத் தேடியிருக்கிறேன். கம்பெனி மாற்றியவை உண்டு, கடைக்காரர் கிழித்தவை உண்டு. பாடியவரே ஊர் ஊராகப் போய்த் தன் பாட்டை இப்படி மீட்டதாக ஒன்றைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

"விக்கறதுக்கு இல்லம்மா," என்றார். "பாடுனவங்க சிதம்பரத்துலதான் இருக்கறாங்க. தனலட்சுமி டீச்சர். நீங்க வர்றீங்கன்னு போன்ல சொல்லியிருக்கறேன். எடுத்தும்போய்க் காட்டுங்க. அவுங்க வெச்சிக்கச் சொன்னா வெச்சிக்கோங்க."

உறையை வாங்கியதும் என் கை பழக்கப்படி வேலை செய்தது. உள்ளே இருந்த தட்டை உருவி அவர் மேசையில் வைத்தேன். தட்டின் கனத்தில் உறையின் ஓரம் விரிந்துவிடும், சேகரிப்பவர்களுக்கு அது பாலபாடம். ஏழுமலை தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டார்.

முதுநகரிலிருந்து சிதம்பரம் நாற்பது கிலோமீட்டர் சொச்சம், பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம், பதினெட்டு ரூபாய். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி வெள்ளாற்றுப் பாலம் வரும்வரை உறையை மடியில் படுக்கவைத்து, பக்கத்து சீட் அம்மாளின் கத்தரிக்காய்ப் பையிடமிருந்து காப்பாற்றிக்கொண்டு போனேன்.

டீச்சர் வீடு மேலவீதிக்குப் பின்னால். கதவைத் திறந்தவர் அவரேதான், அதே சிரிப்பு. குரல்தான் வேறு. கரகரவென்று, காற்று மட்டும் வருவதுபோல. "தொண்டையில ஆபரேஷன் ஆகி எட்டு வருஷம் ஆச்சு. கிட்ட வந்து உக்காருங்க, அப்பதான் கேக்கும்" என்றார். கூடத்தில் ஒரு முக்காலி. அதன்மேல் துடைத்துவைத்த ரெகார்டு பிளேயர். கம்மாபுரத்தில் வேலை பார்க்கும் மகள், யாரிடமோ அதை இரவல் வாங்கிப் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். டீச்சரிடம் இருந்த ஒரே தட்டு, மகள் பிறக்கும் முன்பே வீடு மாற்றும்போது உடைந்துவிட்டதாம். கல்யாணத்துக்குப் பின் அவர் பாடவும் இல்லை. அம்மா பாடி மகள் ஒரு வரிகூடக் கேட்டதில்லை.

நான் உறையை நீட்டினேன். மகள் ஆசையாக வாங்கி உள்ளே கைவிட்டார். மறுபடியும் விட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரெகார்டு எங்கங்க?"

"அது… கடலூர்லயே வெச்சிட்டு வந்துட்டேன்."

"கவர மட்டுமா எடுத்துட்டு வந்தீங்க?" என்றார் டீச்சர். கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. "கவரு எதுக்கும்மா எனக்கு? என் மூஞ்சியத்தான் தெனம் கண்ணாடியில பாக்கறேனே."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். வெளியே வந்து ஏழுமலையைப் போனில் அழைத்தேன். "நீங்க சாக்க மடிச்சி எடுத்துக்கிட்டு நெல்ல உட்டுட்டுப் போனப்பவே நெனச்சேன்," என்றார். "காலையில நானே கொண்டாறேன்." அன்று கீழவீதிப் பக்கம் ஒரு விடுதியில் முந்நூற்றைம்பது ரூபாய்க்கு அறை எடுத்துத் தங்கினேன். அறை சுத்தம். இட்லியும் கொத்சும் ஊர்ப் பெருமைக்குக் குறைவில்லை. எனக்குத்தான் இறங்கவில்லை.

மறுநாள் ஏழுமலை வெள்ளை வேட்டியில் வந்தார். கையில், துண்டில் சுற்றிய தட்டு. "நல்லா இருக்கறீங்களா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் முள்ளை ஊதித் துடைத்து வைத்தார். முதல் பாட்டு இரண்டு இடத்தில் தாண்டியது. இரண்டாவது நின்று பாடியது. எப்படிச் சொல்வது, அந்தச் சிரிப்புக்கு ஏற்ற குரல். கணீரென்று, யாருக்கும் கடன்படாத குரல். மகள் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவர் அழுதார், நானும் அழுதேன். டீச்சர் மட்டும் தொடையில் தாளம் போட்டபடி, "சரணத்துல கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்" என்றார். அவர் கண்ணும் காய்ந்திருக்கவில்லை.

நாலு பாட்டும் முடிந்து, முதலிலிருந்து இன்னொரு முறையும் போட்டாயிற்று. டீச்சர் உறையை என்னிடம் தள்ளினார். "இது உங்களுக்கு. தட்டு எங்களுக்கு. சரிதானே?"

மூன்று வருடமாக நான் கேட்ட வரம் கையில் இருந்தது. அந்தச் சிவப்புப் பாதங்களை ஒருமுறை தடவிப் பார்த்தேன். பிறகு தட்டை எடுத்து உறைக்குள் மெதுவாக இறக்கி மகளிடம் கொடுத்தேன். "உறை இல்லன்னா தட்டு கீறிடும்" என்றேன். இத்தனை வருடச் சேகரிப்பில், உருவாமல் உள்ளே வைத்தது அன்றைக்குத்தான்.

போக நினைப்பவர்களுக்கு: ஒரே நாளில் இரண்டு ஊரையும் முடித்துவிடலாம், இரவு தங்கத் தேவையில்லை. வெயிலுக்கு முன், பிப்ரவரிக்குள் போய்விடுங்கள். உறையைக் கொண்டுபோக இரண்டு அட்டையும் ஒரு துணிப்பையும் போதும். உறையை எடுக்கும்போது உள்ளே தட்டு இருந்தால் அதை மேசையில் வைத்துவிட்டு வராதீர்கள். அடுத்த ஊரில் யாராவது பிளேயரைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.